பின்னால் போய் நின்ற கொம்பு

"தமிழுக்கு இது சரிவராது, விட்டுவிடலாம்." மூன்றாண்டுகளுக்கு முன் நான் சொன்ன இந்த ஒரு வரி இன்னும் எனக்குள் அடங்கவில்லை. சொன்ன இடம் சிங்கப்பூரில் நான் படித்த பலதுறைத் தொழிற்கல்லூரியின் படத்தொகுப்பு அறை. இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. கேட்டவர்கள் என் இறுதியாண்டுத் திட்டப்பணிக் குழுவைச் சேர்ந்த மூவர். இருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். ஆதலால் அதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். திரையில் எங்கள் ஆவணப்படத்தின் நாயகர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்" என்ற இரு சொற்கள் இருக்க வேண்டும். முதற்சொல்லில் பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதன் பின்னால் போய் நின்றது. இரண்டாம் சொல்லின் நிலை அதைவிட மோசம்: ககரம் தனித்து நிற்க, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் அதைத் தாண்டிப்போய், தமக்கு நடுவே புள்ளிகளாலான ஒரு வட்டத்தை வைத்துக்கொண்டு, ஆளில்லாத நாற்காலிக்குக் காவல் நிற்பவை போல நின்றன. "நன்றாகத்தானே இருக்கிறது" என்றாள் படத்தொகுப்பைக் கவனித்த தோழி. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது அழகிய வளைவுகள் நிறைந்த தமிழ். அந்த அறையில் பிழையைக் காணக்கூடிய கண்கள் என்னுடையவை மட்டுமே.

பொது இடத்து அறிவிப்புப் பலகையில் உடைந்து கிடக்கும் தமிழைக் கண்டால் இங்கே நாம் என்ன செய்வோம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்கென்றே ஒரு மாமா இருக்கிறார். பலகையைப் படமெடுத்து, பிழையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "தமிழ் தெரிந்த ஓர் ஆள்கூடவா இவர்களுக்குக் கிடைக்கவில்லை?" என்று அனுப்புவார். நானும் கோபமுகப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவேன். அன்றிரவு அந்த அறையில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இருந்தாள். அவள்தான் விட்டுவிடலாம் என்று சொன்னாள்.

விட்டுவிட்டதுகூட எனக்கு அத்தனை உறுத்தவில்லை. ஒப்படைப்புக்கு ஒன்பது நாள்களே இருந்தன, களைப்பு இருந்தது. உறுத்துவது அந்த வரியின் எழுவாய். மென்பொருளில் கோளாறு இருக்கலாம் என்றோ எனக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றோ நான் சொல்லவில்லை. குறையைத் தமிழின் தலையில் வைத்தேன். நம் எழுத்து சிக்கலானது, கொம்பும் காலும் விசிறியுமாக எங்கெங்கோ நீட்டிக்கொண்டு நிற்பது, பாவம் கணினி என்ன செய்யும் என்ற தொனி அதில் இருந்தது. தொடக்கப்பள்ளியிலிருந்து தமிழ் படித்து, தமிழ்மொழி விழா மேடைகளில் பேசி, அப்பாவின் அலமாரியில் இரண்டு கோப்பைகளையும் வைத்திருக்கும் நான், அதை ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன்.

கோப்பில் படம் இல்லை

அந்தத் திட்டப்பணியில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பாலானவை அவமானத்தின் வழியாகவே வந்தன. எங்கள் வயதினருக்கு மின்னிலக்கக் கருவிகள் பிறவியிலேயே கைவந்தவை என்று பெற்றோரும் ஆசிரியர்களும் நம்புகிறார்கள். நாங்களும் அதை மறுப்பதில்லை, பெருமையாகத்தானே இருக்கிறது. கைப்பேசியில் அரை நிமிடக் காணொளி தொகுப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எட்டு நிமிட ஆவணப்படத்தின் தொகுப்புக் கோப்பை என் கணினியிலிருந்து கல்லூரிக் கணினிக்கு எடுத்துச் சென்று திறந்தபோது, காட்சிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. படம் முழுவதும் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். அரை நாள் கழித்துத்தான் புரிந்தது: தொகுப்புக் கோப்பில் படம் எதுவும் இருப்பதில்லை. எந்தக் காட்சி எந்த வட்டில், எந்த உறையில் இருக்கிறது, அதில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடிவரை எடுக்க வேண்டும் என்ற முகவரிகளின் பட்டியல் மட்டுமே அது. நான் முகவரிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, வீடுகள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒலி இன்னொரு கதை. எங்கள் நாயகர் தோ பாயோவில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தார். முதல் நேர்காணலை முழுவதும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கப் பதிவுசெய்தோம், ஒலியைப் பிறகு மென்பொருளில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில். சுத்தம் செய்ய முடிந்தது. பேச்சில்லாத இடத்தில் இரண்டு நொடி இரைச்சலைத் தேர்ந்து "இதுதான் இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்டினால், அது அந்த இரைச்சலை எல்லா இடத்திலிருந்தும் கழித்துவிடும். கழித்தபின் ஐயாவின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. இரண்டாம் நேர்காணலில் மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டுப் பதிவுசெய்தோம். பெட்டியை மறுபடி இயக்க மறந்துவிடாமலிருக்க, என் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடும்படி ஒலிப்பதிவு ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார். அந்தப் பாடத்திலேயே ஆகச் சிறந்த அறிவுரை பாடநூலில் இல்லாத இதுதான். வியர்வை வழிய, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஐயா ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அவர் 17 வயதில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறு அச்சகத்தில் சேர்ந்தவர். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, சங்கத்து ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர். எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்பதை அவர் விரல்கள் இன்னும் மறக்கவில்லை. பேசும்போது வலக்கை தானாகக் காற்றில் எழுத்துப் பொறுக்கியது. அந்த அசைவை நெருக்கமாகப் படமெடுத்ததுதான் எங்கள் குழு செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். தும்பிக்கை வைத்த பழைய "னை" ஒன்றை நினைவாக வைத்திருந்தார். 1978இல் தமிழ்நாட்டு அரசின் சீர்திருத்த ஆணை வந்தபின் மெல்லமெல்ல வேலையிழந்த எழுத்துகளுள் அது ஒன்று. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். புளியங்கொட்டை அளவுகூட இல்லை, ஆனால் கனமாக இருந்தது.

எதை முதலில் தட்டுகிறாய்?

வெட்டி ஒட்டிய முதல் வடிவத்தை ஐயாவிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் விதி. இதற்குள் குழு முடிவெடுத்துவிட்டது: வசனவரிகள் ஆங்கிலத்தில் மட்டும். ஆலோசனை கேட்டபோது மேற்பார்வையாளரும், மதிப்பெண்ணுக்கு அது போதும், தமிழ் வரிகள் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டது நான் சொன்ன விளக்கத்தைத்தானே. பெயருக்குக் கீழிருந்த அந்த உடைந்த இரு சொற்களை மட்டும் யாரும் நீக்கியிருக்கவில்லை. மடிக்கணினியை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓட்டினேன். தன் முகத்தைப் பார்த்து ஒருவர் வெட்கப்படுவார், குரலைக் கேட்டு "நானா இது?" என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையின் அடிப்பகுதியை விரலால் தொட்டார்.

"கொம்பு ஏம்மா பின்னால நிக்குது?"

இந்த மென்பொருளில் தமிழ் சரியாக வராது ஐயா, நீக்கிவிடுகிறோம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "நீ எத மொதல்ல தட்டுற?" என்றார். கேள்வி எனக்குப் புரியவில்லை. "கே-ன்னு வரணும்னா, கொம்ப மொதல்ல தட்டுறியா, கானாவத் தட்டுறியா?" கானாவைத்தான் என்றேன். தமிழ்99 விசைப்பலகையில் க, பிறகு ஏ. பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அவர் தலையை ஆட்டினார். ஈய எழுத்துக் காலத்தில் கோப்புக்கட்டையில் கொம்பைத்தான் முதலில் வைப்பார்கள், பிறகு ககரம், பிறகு கால். கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டுமோ அந்த வரிசையில் கை வைக்கும். பணியின் கடைசி ஆண்டுகளில் அச்சகத்துக்குக் கணினி வந்தபோதும் அதே வரிசைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்புக்கென்று ஒரு விசை இருந்தது, அதை முதலில் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்ட வேண்டும். (அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும் என்பதை நான் பிறகு அறிந்தேன்.) என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, தட்டிக் காட்டச் சொன்னார். க தட்டினேன். ஏ தட்டினேன். ககரத்துக்குப் பிறகு தட்டிய ஏகாரம், இரட்டைக்கொம்பாகி, ககரத்துக்கு முன்னால் குதித்துப்போய் நின்றது.

"மறுபடி தட்டு" என்றார். தட்டினேன். தெ, மே, பை, கொ. ஒவ்வொரு முறையும் கொம்பு முன்னால் குதித்தது. சின்னப் பிள்ளை மந்திர வித்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்: "யாரு தூக்கி முன்னால வெக்கிறா?"

எனக்கு விடை தெரியவில்லை. பதினைந்து வயதிலிருந்து நான் தமிழில் தட்டச்சு செய்கிறேன். அந்தக் கொம்பு ஆயிரமாயிரம் முறை என் கண்முன் குதித்திருக்கிறது. யாரோ அதைத் தூக்கி வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தன் கையால் அரை நூற்றாண்டுக்கு முன் அந்த வேலையைச் செய்த ஒருவருக்கு மட்டுமே அது ஒரு வேலை என்று தெரிந்திருந்தது. வேலை என்றால் ஆள் இருக்க வேண்டும். கைப்பேசியில் அந்த ஆள் இருக்கிறார், படத்தொகுப்பு மென்பொருளில் அவரைக் காணவில்லை. அவ்வளவுதான் விஷயம். ரயிலில் வீடு திரும்பும்போது, இதுவரை நான் தேடிய தேடல் எல்லாம் "தமிழ் ஏன் உடைகிறது" என்றே இருந்தது என்பதும், தேட வேண்டியது "இங்கே தூக்கி வைப்பவர் யார்" என்பதே என்பதும் புரிந்தன.

தேடியதும் அரை மணி நேரத்தில் கிடைத்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களுள் 72 இடங்களில்தான் குறியீடுகள் உள்ளன. 247 எழுத்துகளும் தனித்தனியாக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. மெய்யெழுத்துக்கான அடிப்படை வடிவமும் உயிர்க்குறியும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன, அதுவும் ஒலிக்கும் வரிசையில்: முதலில் க, பிறகு ஏகாரக் குறி. அதைக் கண்ணுக்கு உரிய வரிசைக்கு மாற்றி, கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்துவது எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருள் பகுதியின் வேலை. நாங்கள் பயன்படுத்திய படத்தொகுப்பு மென்பொருளில் அப்படிப்பட்ட பகுதி ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தது. விருப்ப அமைப்புகளில், வரைகலை என்ற தலைப்பின் கீழே, தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான எழுத்துப்பொறியைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு வட்டம் இருந்தது. அதைச் சொடுக்கிவிட்டு அந்த இரு சொற்களையும் புதிதாகத் தட்டினேன். கொம்பு முன்னால் போய் நின்றது.

மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த வட்டம் அங்கேயே இருந்திருக்கிறது. பாடத்தில் அந்த மென்பொருளை எங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் கற்பித்தார்கள், நான் இணையத்தில் பார்த்த விளக்கக் காணொளிகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்றில்கூட யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் எவருக்கும் கொம்பு இல்லை. ஆனால் எரிச்சலைப் பிறர்மேல் நெடுநேரம் வைத்திருக்க முடியவில்லை. 1995 அக்டோபரில், உலகின் பெரும்பகுதி இணையம் என்ற சொல்லையே கேட்டிராத நாளில், சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தளம் ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது அதில் தமிழும் இருந்தது. அந்தத் தமிழைத் திரைக்குக் கொண்டுவர உழைத்தவர் இங்கே ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இந்த ஊரில்தான். 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கேயே. பள்ளியில் தமிழர் சாதனைகள் பற்றிய கட்டுரைக்காக இந்த ஆண்டுகளை நான் மனனம் செய்திருக்கிறேன். மனனம் செய்த அதே வாயால்தான், இருபதாண்டுகளுக்கும் மேலான பிறகு, அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு, தமிழுக்கு இது சரிவராது என்று சொன்னேன்.

ஒன்பது எழுத்தா, பதினாறா?

மறுநாள் குழுவிடம் தமிழ் வசனவரிகளையும் சேர்க்க வேண்டும் என்றேன். தோழி கேட்டாள், "சரிவராது என்று நீதானே சொன்னாய்?" நான் சொன்னது தவறு என்றேன். நான்கு நாள்களில் 112 வரிகளை எழுதித் தட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, கொம்பு வெறும் முதற்படி என்பது. ஒரு வரிக்கு 42 குறிகளுக்கு மேல் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. அச்சுக்கோப்பாளர் என்ற சொல்லில் தமிழ் படித்தவர் யாரைக் கேட்டாலும் ஒன்பது எழுத்து என்பார். கணினி பதினாறு என்கிறது, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு. அதன் பேச்சைக் கேட்டு வரிகளை நறுக்கினால் திரையில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் அம்மாவை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, அவர் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால் அடுத்த வரிக்கு உடைத்தேன். அறிவியல் முறை என்று சொல்ல மாட்டேன். எட்டு நிமிடப் படத்தை அம்மா பதினொரு முறை பார்த்தார். கடைசியில் ஐயாவின் வசனங்களை அவருக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டதால் அந்தச் சோதனையும் பயனற்றுப் போயிற்று.

ஒப்படைப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஐயா அந்த வரிகளைத் தாளில் அச்சிட்டுத் தரச் சொன்னார். புரூஃப் பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். திரையில் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். திரையில் கண் வழுக்கும் என்றார். நான்கு தாள்களையும் தேக்கா அருகே ஒரு காப்பிக்கடையில் கொடுத்தேன்; சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். காப்பி ஆறிப்போயிற்று. பதினேழு திருத்தங்கள். ஒரு கொம்புகூட அவற்றுள் இல்லை. ஏறத்தாழ எல்லாமே விட்டுப்போன ஒற்றுகள்: "எழுத்து பெட்டி" என்று நான் எழுதிய இடத்தில் ஒரு சிறு கூரை போட்டு மேலே "ப்". எந்த அமைப்புப் பக்கத்திலும் அதற்கான வட்டம் கிடையாது.

மீதி மூன்று திருத்தங்களை நான் ஏற்கவில்லை. அவர் பேச்சில் "வெச்சிக்கிட்டு" என்று சொன்னதை நானும் அப்படியே எழுதியிருந்தேன். அவர் அதை அடித்து "வைத்துக்கொண்டு" என்று எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் பேசியதுதானே என்றேன். பேசுவது வேறு, அச்சில் ஏறுவது வேறு என்றார். படம் பார்ப்பவர்களுக்கு உங்கள் வாயசைவும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏதேதோ வாதாடினேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "சரி, வெச்சிக்க. வாசிக்கிறவன் திட்டுனா ஒன்னத்தான் திட்டுவான்" என்றார். கல்லூரிக்குத் திரும்பி ஒற்றுகளைச் சேர்த்துவிட்டு, அந்த மூன்று வரிகளையும் அப்படியே விட்டு, படத்தை ஏற்றுமதி செய்யக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றது கணினி.